பிளஸ் டூ இயற்பியல்: மார்க் எங்கே விழுகிறது, எங்கே நழுவுகிறது

ஜூன் மாதம் முதல் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுவது கூலூம் விதி அல்ல. 70, 20, 10 என்று மூன்று எண்கள். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்துவிடும்: “டீச்சர், பாஸாக எவ்ளோ வேணும்?”

அந்தக் கேள்விக்கு நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள். எதற்கு எத்தனை மார்க், எங்கே பிடிப்பார்கள், எங்கே கொடுப்பார்கள் என்று சொல்ல அண்ணனோ அக்காவோ கிடையாது. அதைச் சொல்ல வேண்டியது என் வேலை. அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். பாடத்துக்கு 200 மார்க் இருந்த காலத்திலிருந்து விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும் போய் வருகிறேன். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த பாஸ் கணக்கு. மொத்தத்தில் 35 வேண்டும். பிள்ளைகள் உடனே மனக்கணக்கு போடுவார்கள்: செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் சேர்த்து 30 வந்துவிடும், எழுத்துத் தேர்வில் 5 எடுத்தால் போதும் என்று. அது தப்பு. எழுத்துத் தேர்வில் 70-க்கு 15 கட்டாயம். செய்முறையில் 20-க்கு 20, அகமதிப்பீட்டில் 10-க்கு 10 வாங்கிவிட்டு எழுத்தில் 14 எடுத்தால் கையில் 44 இருக்கும், ஆனால் தேர்ச்சி இருக்காது. இதை முதல் நாளே இரண்டு முறை சொல்லிவிடுவேன். அப்புறம் இன்னொன்றும் சொல்வேன்: வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் சரியாக 15. எந்தப் பிள்ளையும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியும்.

இன்ஜினியரிங் போக நினைப்பவர்களுக்கு வேறு கணக்கு. கட்-ஆஃப் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் நீங்கள் எடுக்கும் மார்க் பாதியாகிச் சேரும். இரண்டு மார்க் விட்டால் கட்-ஆஃபில் ஒன்று போகும். கவுன்சிலிங்கில் அந்த ஒன்றுக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பத்து

அகமதிப்பீட்டு 10 மார்க்கை எல்லாருக்கும் அப்படியே போட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. என் வகுப்பில் அப்படி இல்லை. வருகைக்கு 2, வகுப்புத் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, பாட இணைச் செயல்பாடுகளுக்கு 2. வருகை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழு 2. 75-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால் 1. நெல் அறுப்புக்கும் அக்கா கல்யாணத்துக்கும் விடுப்பு எடுக்கத்தான் செய்வீர்கள். எடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், விட்ட தேர்வை வந்து எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஒப்படைவு என்றால் கூகுளில் பார்த்து நான்கு பக்கம் எழுதி, மேலே சாமி படம் ஒட்டிக் கொடுப்பது இல்லை. நான் கொடுக்கும் வேலை இது: வீட்டில் ஓடும் ஒவ்வொரு மின்சாதனத்தின் வாட் அளவையும் பார்த்து எழுது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறி, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று கணக்குப் போடு, அப்புறம் வீட்டு மீட்டரில் இன்று காலையும் நாளைக் காலையும் பார்த்து ஒப்பிடு. 75 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். இப்படிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

போன வருடம் ஒரு பையனுக்குக் கணக்கில் 1.9 யூனிட் வந்தது, மீட்டரில் 3.1. “மீட்டர் தப்பு டீச்சர்” என்று எழுதிக்கொண்டு வந்தான். திரும்பப் போய்ப் பார் என்று அனுப்பினேன். மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தான். மாட்டுக் கொட்டகையில் இரவு முழுக்க எரியும் 100 வாட் குண்டு பல்பு பட்டியலில் விட்டுப்போயிருந்தது. 12 மணி நேரம், 1.2 யூனிட். கணக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. முதல் பக்கத்தில் எழுதிய “மீட்டர் தப்பு” என்ற வரியை அவன் அடிக்கவில்லை, கீழே காரணத்தை எழுதியிருந்தான். 2-க்கு 2 போட்டேன். அந்த ஒப்படைவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செய்முறை: 20 மார்க், பாதிப் பேர் பயப்படும் இடம்

இந்த 20-இல் 5 உங்கள் ஆசிரியர் கையில். வருடம் முழுக்க ஆய்வகத்தில் எப்படி வேலை செய்தீர்கள் என்பதற்கு 3, ரெக்கார்டு நோட்டுக்கு 2. மீதி 15 செய்முறைத் தேர்வு நாளன்று. அது இப்படிப் பிரியும்: சூத்திரத்துக்கு 2 (சூத்திரம் 1, குறியீடுகளின் விளக்கம் 1), செய்முறைச் சுருக்கத்துக்கு 3, காட்சிப்பதிவுகளுக்கு 5, கணக்கீட்டுக்கும் வரைபடத்துக்கும் 4, முடிவுக்கு 1. அந்தக் கடைசி ஒன்றிலும் விடைக்கு அரை, அலகுக்கு அரை.

இதை நன்றாகப் பாருங்கள். கடைசி விடைக்கு ஒரே ஒரு மார்க். அளவெடுத்து அட்டவணையில் பதிவதற்கு ஐந்து. ஆனால் பிள்ளைகள் செய்வது என்ன? விடை இவ்வளவு வர வேண்டும் என்று சீனியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி ரீடிங்கைத் தயாரிக்கிறார்கள். ஒரு மார்க்குக்காக ஐந்து மார்க்கைப் பொய்யாக்குகிறார்கள். பல வருடம் ஆய்வகத்தில் நின்ற கண்ணுக்குத் தயாரித்த ரீடிங் உடனே தெரியும். உண்மையான அளவீடு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தயாரித்தது வரிசையாக, வழவழவென்று இருக்கும்.

மீட்டர் சமனச்சுற்றை எடுத்துக்கொள்வோம். கம்பிச்சுருளின் மின்தடையைக் கண்டுபிடித்து அதிலிருந்து பொருளின் மின்தடை எண்ணைச் சொல்ல வேண்டும். சுற்றை இணைத்ததும் ரீடிங் எடுக்க ஓடாதீர்கள். ஜாக்கியை, அதாவது கம்பியைத் தொடும் உலோக முனையை, பலகையில் இருக்கும் ஒரு மீட்டர் கம்பியின் இடது முனையில் தொட்டுப் பாருங்கள், அப்புறம் வலது முனையில். கால்வனாமீட்டர் முள் இரண்டு இடத்திலும் எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும். ஒரே பக்கம் விலகினால் இணைப்பில் எங்கோ கோளாறு. இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம் ஆகும். செய்யாதவர்கள் அரை மணி நேரம் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜாக்கியைக் கம்பியில் தேய்த்து இழுக்காதீர்கள், தொட்டுத் தொட்டு எடுங்கள். தேய்த்தால் கம்பியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும், அடுத்த வருடத்துப் பிள்ளைக்குச் சரியான நீளம் கிடைக்காது.

இரண்டு வருடம் முன்பு ஒரு பெண் இந்தச் சோதனையில் தெரிந்த மின்தடையாக 1 ஓமும் 2 ஓமும் வைத்து எடுத்த ரீடிங்கில் சுருளின் மின்தடை 2.1 ஓம் பக்கம் வந்தது. 2 ஓமுக்குச் சமநிலை நீளம், அதாவது முள் விலகாமல் நிற்கும் இடம் வரை கம்பியின் நீளம், 51.2 செ.மீ.; 100-இல் மீதி 48.8. 51.2-ஐ 48.8-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 2.098. அழகாக வந்தது. 3 ஓம் வைத்ததும் நீளம் 47.5 என்று வந்தது. கணக்குப் போட்டால் 2.7 ஓம். முகம் வெளுத்துவிட்டது. ரப்பரை எடுத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியும்: 41 என்று எழுதினால் 2.1 வந்துவிடும். கிட்டே போய், “அழிக்காதே. ஒரு கோடு போட்டு அடி, இணைப்பைப் பார்த்துட்டுத் திரும்ப எடு” என்றேன். சுருள் மாட்டிய இடத்தில் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு எடுத்தாள், 41.3 வந்தது. 4 ஓமுக்கு 34.4. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அடித்த வரியைப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா?” என்று கேட்டார். திருகு கதையைச் சொன்னாள். காட்சிப்பதிவுக்கு 5-க்கு 5 போட்டுவிட்டுத்தான் அடுத்த மேசைக்குப் போனார்.

அதே சோதனையில் இன்னொரு இடம் பலரைக் கவிழ்க்கிறது. சுருள் கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்துவிட்டு, பாதியாக்க மறந்து அதையே ஆரமாகப் போடுவார்கள். ஆரம் வர்க்கத்தில் வருவதால் விடை நான்கு மடங்காகிவிடும். உங்கள் விடை பக்கத்து மேசையின் விடையைவிடச் சரியாக நான்கு மடங்கு இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், நேராக அங்கே போங்கள். திருகு அளவியின் சுழித் திருத்தத்தையும் (எதையும் பிடிக்காதபோதே அது காட்டும் பிழையைச் சரிசெய்வது) அப்படியே முதலில் பார்த்து எழுதிவையுங்கள்.

டையோடு சோதனை வந்தால் பயமே வேண்டாம். முன்னோக்கு மின்னோட்டம் மில்லி ஆம்பியரில், பின்னோக்கு மைக்ரோ ஆம்பியரில். வரைபடத்தில் இரண்டுக்கும் வேறு வேறு அளவுத்திட்டம் என்பதை மட்டும் எழுதிவிடுங்கள். சிலிக்கான் டையோடு என்றால் கோடு 0.7 வோல்ட் பக்கத்தில் மேலே ஏறும். ஏறவில்லை என்றால் டையோடைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: சோதனை செய்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிப்ரவரியில் பத்துச் சோதனையையும் ஒரே ராத்திரியில் பார்த்து எழுதினால் கை வலிதான் மிச்சம்.

எழுத்துத் தேர்வு

காலை 10 மணிக்கு வினாத்தாள் வரும். வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். 10.15-லிருந்து 1.15 வரை எழுதலாம். அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியவை 24-ஆம் கேள்வியும் 33-ஆம் கேள்வியும்.

ஏன் என்று சொல்கிறேன். பகுதி ஒன்றில் 15 கேள்வி, எல்லாம் எழுத வேண்டும், 15 மார்க். பகுதி இரண்டில் 16 முதல் 24 வரை ஒன்பது கேள்வி. ஆறு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 2 மார்க், 24 கட்டாயம். பகுதி மூன்றில் 25 முதல் 33 வரை ஒன்பதில் ஆறு, ஒவ்வொன்றும் 3 மார்க், 33 கட்டாயம். பகுதி நான்கில் 34 முதல் 38 வரை ஐந்து, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது, 5 மார்க் வீதம் 25. “ஆறு எழுதினேனே டீச்சர்” என்று வருடா வருடம் யாராவது ஒருவர் அழுதுகொண்டு வருவார்கள். எழுதியிருப்பார்கள், ஆனால் 24-ஐ விட்டுவிட்டு மற்றவற்றில் ஆறு. அதில் ஐந்துக்குத்தான் மார்க். கட்டாயக் கேள்வி தெரியவில்லை என்றாலும் தெரிந்த சூத்திரத்தையாவது அந்த எண் போட்டு எழுதுங்கள்.

ஒரு மதிப்பெண் கேள்வியில் குறியீடும் வேண்டும், விடையும் வேண்டும். அ, ஆ, இ, ஈ என்று எழுத்தை மட்டும் போட்டு விடாதீர்கள். இரண்டையும் எழுதி, அதில் ஒன்று தப்பாக இருந்தால் சுழியம்தான். அவசரத்தில் ‘இ’ என்று போட்டுவிட்டு ‘ஈ’-யில் இருக்கும் விடையை எழுதுகிறவர்கள் நிறைய. எழுதி முடித்ததும் 15-ஐயும் ஒரு முறை வினாத்தாளோடு விரல் வைத்துப் பாருங்கள்.

விளக்கக் கேள்விகளில் புத்தக வரி அப்படியே வர வேண்டும் என்ற பயம் நம் பிள்ளைகளிடம் வேரோடிக் கிடக்கிறது. அப்படி ஒரு விதி இல்லை. கருத்து மாறாமல், எந்தக் குறிப்பும் விடுபடாமல் சொந்த வார்த்தையில் எழுதலாம் என்றுதான் விடைக்குறிப்பே சொல்கிறது. காலாண்டுத் தேர்வில் மின்காந்தத் தூண்டலில் வரும் லென்ஸ் விதிக்கு ஒரு மாணவி எழுதினாள்: “காந்தம் கிட்ட வந்தால் சுருள் அதைத் தள்ளும், விலகிப் போனால் இழுக்கும். எந்த மாற்றத்தால் மின்னோட்டம் உண்டானதோ அந்த மாற்றத்தை எதிர்க்கிற திசையில்தான் அது ஓடும்.” புத்தகத்தில் இப்படி இல்லை. ஆனால் அவளுக்குப் புரிந்திருக்கிறது, எதுவும் விடுபடவும் இல்லை. 2-க்கு 2.

இப்போது கணக்கு. எலக்ட்ரான் 144 வோல்ட்டால் முடுக்கப்படுகிறது, டி ப்ராய் அலைநீளம் என்ன? 12.27-ஐ மின்னழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் விடை ஆங்ஸ்ட்ராமில் வரும். 144-க்கு வர்க்கமூலம் 12. விடை 1.02 ஆங்ஸ்ட்ராம். அரையாண்டுத் தேர்வில் இதை 3 மார்க்குக்குக் கேட்டேன். சூத்திரத்துக்கு 1, பிரதியிட்டதற்கு 1, விடைக்கு அரை, அலகுக்கு அரை என்று பிரித்துக்கொண்டேன். ஒரு பையன் எல்லாம் சரியாகச் செய்து 1.02 என்று நிறுத்திவிட்டான். அலகு இல்லை, இரண்டரை. இன்னொருவன் வர்க்கமூலம் எடுக்காமல் 144-ஆலேயே வகுத்து 0.085 என்று எழுதியிருந்தான். ஆனால் மேலே சூத்திரம் சரியாக இருந்தது, அதற்கு 1. மூன்றாவது பையன் சூத்திரம் எழுதவே இல்லை, நேரே எண்களைப் பிரதியிட்டு அலகோடு விடை கொண்டுவந்துவிட்டான். சூத்திரத்தின் மார்க் போனது, மீதி 2 கிடைத்தது. நான்காவது பெண்ணுக்கு விடை தெரியும். வகுப்பில் அவள்தான் முதலில் சொல்வாள். “சரியா தப்பான்னு சந்தேகமா இருந்துச்சு டீச்சர்” என்று காலியாக விட்டுவிட்டாள். மற்ற மூவரின் தாளிலும் என்னால் எதையாவது தேடிக் கொடுக்க முடிந்தது. அவள் தாளில் முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்வரை அந்த வெற்று இடம் கண்ணிலேயே நின்றது.

ஐந்து மார்க் கேள்வியில் மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் காண்பது என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சமன்பாட்டை மட்டும் உருப்போட்டு வருகிறவர்கள் உண்டு. அதற்கு ஐந்து கிடைக்காது. படம் வேண்டும்: இரண்டு மின்னூட்டங்கள், நடுப்புள்ளி, மின்புலம் காணும் புள்ளி, அம்புக்குறிகள். நேர் மின்னூட்டத்தால் வரும் மின்புலம் ஒரு வரி, எதிர் மின்னூட்டத்தால் வருவது ஒரு வரி, இரண்டும் எதிரெதிர்த் திசை என்பது எழுத்தில் தெரிய வேண்டும். அப்புறம் கூட்டிச் சுருக்குவது. அதற்கடுத்த வரியைத்தான் பெரும்பாலானவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்: புள்ளி வெகு தொலைவில் இருப்பதால் இருமுனையின் நீளத்தை அதன் முன்னால் புறக்கணிக்கிறோம் என்ற வரி. அது இல்லாமல் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரவே வராது. திருத்துகிறவர் அங்கே கட்டாயம் நிற்பார். கடைசியில் தூரத்தின் மும்மடி கீழே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருமடி இருந்தால் ஒற்றை மின்னூட்டத்தின் மின்புலத்தை எழுதிவிட்டீர்கள்.

படம் பென்சிலில். எழுதுவதும் அடிக்கோடும் நீலம் அல்லது கறுப்பு மையில். கதிர்ப்படத்தில் அம்புக்குறி போடாமல் விடாதீர்கள். வரைபடத்தில் இரண்டு அச்சிலும் என்ன அளவு என்று எழுதுங்கள்.

நேரம்: ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டுக்கு 30, மூன்றுக்கு 40, ஐந்துக்கு 75. சேர்த்தால் 160. கையில் 20 நிமிடம் மிஞ்சும். அதை அலகுகளுக்கும் கேள்வி எண்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்துகிற மேசையில்

முகாமில் உங்கள் பெயரும் பள்ளியும் எங்களுக்குத் தெரியாது. டம்மி எண் மட்டும்தான். காலையில் 12 தாள், மதியம் 12. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் அரை, ஒன்று என்று போட்டுக்கொண்டே போவோம். விடைக்குறிப்பின் படிகள் எங்கள் மனதில் இருக்கும், அவற்றை உங்கள் தாளில் கண் தேடும். அதனால் படிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள், ஒரே வரியில் நான்கு சமன்பாட்டை நெருக்காதீர்கள். அழகான கையெழுத்துக்கு மார்க் இல்லை. ஆனால் 3-ஆ 5-ஆ என்று தெரியாத எண்ணுக்கு மார்க் போடுவது கஷ்டம். கேள்வி எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் நாங்கள் தேடுவோம்தான். இருபதாவது தாளில் தேடும் பொறுமையை நம்பி நீங்கள் எழுத வேண்டாம்.

ரிசல்ட் வந்ததும், எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் அழுது முடித்துவிட்டு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் கைக்கு வந்தால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். தேதி சில நாள்தான் இருக்கும், பள்ளியில் கேட்டு அன்றே போடுங்கள். ஒரு மாணவிக்கு ஒரு முழு ஐந்து மார்க் விடை கூட்டலில் விட்டுப்போயிருந்தது. உள்ளே 5 என்று போட்டிருந்தது, முதல் பக்கத்தில் ஏறவில்லை. நகல் வாங்காமல் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. நகல் வந்ததும் நேராக உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தின் கூட்டலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கேள்வியாகச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.